நூற்று நாற்பத்தேழு பெயர்கள்

இடம் போதவில்லை என்று மடிக்கணினி சொல்ல ஆரம்பித்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. மகன் துபாய்க்குப் போகும்போது விட்டுச் சென்ற பழைய கணினி அது. விண்டோஸ் இல்லை, லினக்ஸ். வேண்டாத புரோகிராம்களைக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி எப்படி நீக்குவது என்று அவனே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். கணினி காட்டிய புரோகிராம் பட்டியலில் பைதான் என்று ஒன்று இருந்தது. எனக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. நீக்கச் சொன்னேன்.

பைதானும் அதை நம்பி ஓடுபவையும் சேர்த்து நூற்று நாற்பத்தேழு தொகுப்புகள் நீக்கப்படும், தொடரலாமா என்று கேட்டது. மேலே அத்தனை பெயர்களும் இருந்தன. விரல் வைத்து எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன், சரியாக வந்தது. கணக்கு சரி என்பதால் ஆம் என்று தட்டினேன். ஒரு பெயரையும் படிக்கவில்லை.

ஆறு நிமிடத்தில் முடிந்தது. அணைத்து மறுபடி போட்டபோது படங்கள் இல்லை, அம்புக்குறி இல்லை. கறுப்பில் ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது.

என் மனைவியின் குரல் அந்தக் கணினியில்தான் இருந்தது. மகன் கல்லூரி விடுதியில் இருந்தபோது அவள் செல்போனில் பேசி அனுப்பி, அவன் இதில் ஏற்றி வைத்த நாற்பத்தொரு பதிவுகள். வேறெங்கும் இல்லை. பக்கவாதம் வந்து பதினோரு மாதமாக அவளுக்குப் பேச்சில்லை. இடது கையை ஒரு தடவை தூக்கினால் வேண்டாம், இரண்டு தடவை தூக்கினால் சரி. அப்போதும் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

அடுப்பை அணைத்தேனா என்று நாளுக்கு நான்கு முறை எழுந்து பார்க்கிறவன் நான். அன்று பதற்றமே வரவில்லை. மகனைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"எத்தனப்பா தூக்குச்சு?"

"நூத்தி நாப்பத்தேழு. ரெண்டு தடவ எண்ணுனேன்."

"எண்ணுனீங்க. படிச்சீங்களா?"

திரையில் இருந்த அந்த ஒரு வரியை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"போனது புரோகிராம்தாம்ப்பா. அம்மா பேசுனது அங்கிட்டுத் தனியாக் கெடக்கும். நான் சொல்றதத் தட்டுங்க."

தட்டினேன். கோப்புகளின் பெயர்கள் இறங்கின. நாற்பத்தொன்று.

"இருக்குல்ல? ஆனா அதக் கேக்குற புரோகிராம் போயிருச்சு. இப்ப அது ஒண்ண மட்டும் போடுங்க. மத்தத வெள்ளிக்கிழம லீவுல பாத்துக்கலாம்."

அதற்கு ஒரு வரி சொன்னான். கூடவே பன்னிரண்டு தொகுப்புகள் வரும், தொடரலாமா என்றது கணினி. இந்த முறை பன்னிரண்டு பெயரையும் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறி முடிந்ததும் முதல் பதிவைப் போட்டேன்.

"சாப்ட்டியாப்பா? ஒங்கப்பா கொல்லையில முந்திரிக்கொட்டைய எண்ணிக்கிட்டு இருக்காக. நடுவுல கூப்புட்டா மொதல்லேர்ந்து எண்ணுவாக. நான் வாயே தொறக்கல..."

அவள் இடது கையைத் தூக்கினாள். இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தேன். கை மடியிலேயே கிடந்தது.

நிறுத்தினேன். மீதி நாற்பதும் அப்படியே இருக்கின்றன.