மோட்டார் ஓடினால் கோடு விழும்

என் அத்தைக்குத் தையல் பிழைப்பு, கோபம் கூடப்பிறந்தது. தெருவின் முதல் டிவி எதிர்வீட்டுக்கு வந்தபோது, எல்லோரையும் படம் பார்க்கக் கூப்பிட்டவர்கள் அத்தையை விட்டுவிட்டார்கள். படம் தொடங்கியதும் அத்தை தன் மோட்டார் வைத்த தையல் மிஷினை ஓட்டினாள். பக்கத்தில் மோட்டார் ஓடினால் அந்தக் காலத்து டிவியில் கோடு விழும். எதிர்வீட்டுக்காரி அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ அக்கா, அதை நிறுத்திட்டு நீங்களும் வாங்க!"

அன்றிலிருந்து முன்வரிசை நாற்காலி அத்தைக்குத்தான்.

சில வருடம் கழித்து அத்தையும் டிவி வாங்கினாள். யாரையும் கூப்பிடாமல், பெருமை பொங்க அதன் முன் உட்கார்ந்தாள். திரையெல்லாம் கோடு! ஜன்னலைத் திறந்தாள். எதிர்ஜன்னலில் எதிர்வீட்டுக்காரி, ஒன்றும் போடாத மிக்ஸியை ஓட்டிக்கொண்டே சிரித்தாள்.

"என்னக்கா, என்னைக் கூப்பிட மாட்டீங்களா?"