கரண்டி பிடிக்க வைக்கும் உத்தியோகம்

வைத்தியத் தொழிலில் நோயாளி வாயைத் திறந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. என் தொழிலில் நோயாளி வாயைத் திறந்துகொண்டுதான் இருப்பான், கரண்டிதான் அங்கே போய்ச் சேராது. பிள்ளைக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்க உட்கார்ந்து, சட்டையெல்லாம் கஞ்சியாக எழுந்தவர்கள் அத்தனை பேரும் என் கட்சிதான். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது ஈப்போவில் இதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர்ப்பலகை, குளுகுளு அறை, வண்ண வண்ண மரக்கட்டைகள். நான் ஆரம்பித்தது ஜப்பான்காரன் காலத்தில், சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். செய்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் இதே பிழைப்பு.

இடமாற்றம்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் சின்ன டிரஸர். கட்டுப் போடுவதில் கெட்டிக்காரன். இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடினார், பெரிய டிரஸர் ஓடினார், மருந்தும் தீர்ந்தது. அயோடின்கூட இல்லாத ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கால்சட்டையோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து நிர்வாகம் கணக்கு எழுதும் கிராணியார் கைக்கு வந்திருந்தது. எப்படியோ நாலு வார்த்தை ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டு, அதிகாரிக்கு மொழிபெயர்ப்பவரும் அவர்தான். அவர் என்னை ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிப் போட்டார். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். முப்பது பிள்ளைகள், ஒரு முனியம்மா ஆயா, இப்போது நான்.

காரணம் அதிகாரி போட்ட சட்டம். தன் கையால் தானே சாப்பிடாத பிள்ளைக்குக் கொட்டகையில் இடமில்லை. மூன்று மாதம் கழித்து அவனே வந்து பார்ப்பான். பிள்ளையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்காரும் தாய்க்கு வேலை இல்லை, வேலை இல்லாதவளுக்கு அரிசி இல்லை. தானே சாப்பிடத் தெரியாத பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். அஞ்சலைக்கு ஆறு வயது. காய்ச்சல் வந்து போனபின் வலது கை துவண்டுவிட்டது. மாரிக்கு ஐந்து வயது. உட்கார வைத்தால் சாய்வான். "நான் கட்டுப் போடுறவன் அண்ணே, புண்ணு இருந்தா காட்டுங்க" என்று கிராணியாரிடம் முறுக்கிக்கொண்டேன்.

"புண்ணெல்லாம் மூணு மாசம் கழிச்சு ஒனக்குத்தான் வரும்லா தம்பி, அவன் வந்து பாக்குறப்ப."

கித்தாக் கரண்டி

மரவள்ளிக்கிழங்கும் நாலு பருக்கை அரிசியும் போட்ட கஞ்சி அது. கையால் அள்ள முடியாது. ரப்பர் பால் பிடிக்கும் மங்கில் ஊற்றிக் குடிக்கலாமென்றால் தூக்க இரண்டு கை வேண்டும். கரண்டிதான் வழி, ஆனால் அஞ்சலையின் விரல்களில் மெல்லிய காம்பு நிற்காது, நழுவும். தோட்டத்தில் அப்போது குறைவில்லாமல் கிடந்த ஒரே பொருள் கித்தாதான், ரப்பரை அங்கே அப்படித்தான் சொல்வோம். கப்பல் இல்லை, வாங்க ஆள் இல்லை, புகைவீடு நிறைய ஷீட். அதை வெட்டிக் கரண்டிக் காம்பில் தடியாகச் சுற்றினேன். கட்டுப் போடும் கை அல்லவா, பார்க்க அத்தனை அழகாக வந்தது. மாரிக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்து, கித்தாவில் பட்டை வைத்து, சாயாத நாற்காலி செய்தேன்.

நாற்காலி வென்றது. ஒரு மாதத்தில் மாரி நிமிர்ந்து உட்கார்ந்து தானே அள்ளித் தின்றான். அஞ்சலையும் கரண்டியை நழுவாமல் பிடித்தாள். பிடித்து, தலை குனிந்து, காம்பைக் கடிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு முழுக்கக் கடித்தாள். முனியம்மா மங்கை எட்டிப் பார்த்தார். கஞ்சி வைத்தபடியே இருந்தது.

"கஞ்சி வேணாமாம் டிரஸரையா, புள்ளைக்குக் கரண்டியே போதுமாம்லா."

குனியும் வகுப்பு

சாப்பிட்டால் மட்டும் போதாது. அதிகாரி உள்ளே வரும்போது பிள்ளைகள் எல்லாரும் இடுப்பிலிருந்து குனிய வேண்டும். மாரி குனிந்தால் அப்படியே போய்க்கொண்டிருப்பான், தரை வந்துதான் நிற்பான். பெஞ்சின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனியக் கற்றுக்கொடுத்தேன். "குனி, எண்ணு, நிமிரு." ஒரு நாளைக்கு இருபது தடவை.

அந்த வாரம் கிராணியார் சுங்காய் பாசாரில் ஜப்பான் சிப்பாய்க்குச் சரியாகக் குனியவில்லை என்று கன்னத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் என்ன செய்வார், வயிறு நடுவில் நிற்கிறது. மறுநாள் காலை வகுப்புக்கு வந்து, மாரிக்கும் அஞ்சலைக்கும் நடுவே நின்றார். நான் எண்ணினேன். மூன்று பேரும் குனிந்தார்கள். பெஞ்சு கிராணியாரைத் தாங்கவில்லை. முப்பது பிள்ளைகளும் கைகொட்டினார்கள். நானும் சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் தரையிலிருந்தபடியே கேட்டார்.

"அந்தப் பையன் விழுந்தா தூக்குற, நான் விழுந்தா சிரிக்கிற, இது என்னா வைத்தியம்லா?"

எந்தக் கை

இரண்டாம் மாதம் எனக்கு மூளை வேலை செய்தது. அஞ்சலையின் இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? கரண்டியை இடது கையில் கொடுத்தேன். மங்கு காலியானது! துள்ளிக் குதித்தேன். சட்டத்தில் தன் கை என்றுதான் இருக்கிறது, எந்தக் கை என்று இல்லை. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அவள் அம்மா பச்சையம்மா வந்து பார்த்தாள். புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட இழுத்துப்போன பிறகு ஒற்றை ஆளாக மரவள்ளிக் காட்டில் மண்வெட்டி பிடிப்பவள். அவள் அரிசி நின்றால் இரண்டு வயிறும் காயும். அப்படிப்பட்டவள் மகள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, வலது கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். அம்மா, இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, உயிரா கையா என்று நான் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"சப்பான்காரன் ஒரு நாளு போயிருவான் டிரஸரையா, அப்பறம் எம்மவ பந்தியில ஒக்காந்து இடது கையாலயா சாப்புடுவா?"

ஜப்பான்காரன் சண்டை ஒரு நாள் முடிந்துவிடும் என்று அந்தத் தோட்டத்தில் உறுதியாகச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

கன்னம்

வலது கை மெல்ல எழும்ப ஆரம்பித்தது. எழும்பிய கைக்கு வாய் இருக்கும் இடம் தெரியவில்லை. காதுக்குப் போனது, மூக்குக்குப் போனது, ஒருமுறை முனியம்மாவின் கொண்டைக்குப் போனது. யோசித்துப் பார்த்தேன். அவள் வாய் அவளுக்குத் தெரியாது. என் வாய் தெரியும். எதிரில் குந்தி, "எனக்கு ஊட்டு" என்று வாயைத் திறந்தேன். இரண்டாம் நாளே குறி தப்பாமல் ஊட்டினாள். பிறகு தினமும் என் முகத்தை அவள் முகத்தருகே கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய், கடைசியில் கன்னத்தோடு கன்னம் வைத்து, சட்டென்று விலகிக்கொள்வேன். கரண்டி அவள் வாய்க்கே போய்விடும். இப்படி ஒரு முறையை நானாகக் கண்டுபிடித்தேன் என்பதில் இன்றைக்கும் எனக்குத் திமிர் உண்டு.

ஊரே கிழங்கைத் தின்று காய்ந்து கிடக்கும்போது, ஒரு ஆம்பளை கொட்டகையில் வாயைத் திறந்து உட்கார்ந்து பிள்ளையின் கஞ்சியைக் குடிக்கிறான். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடித்ததை என் பங்குக் கஞ்சியிலிருந்து திருப்பி ஊற்றினேன் என்றால் யார் நம்புகிறார்கள்? முனியம்மா நேரடியாகவே கேட்டார்.

"எல்லாருக்கும் எலும்பு தெரியுது, ஒங்களுக்கு மட்டும் கன்னம் வைக்குதே, எப்பிடி டிரஸரையா?"

அதிகாரி வந்தான்

பூட்ஸ், வாள், பின்னால் இரண்டு சிப்பாய்கள். பிள்ளைகள் குனிந்தார்கள். மாரி பெஞ்சைப் பிடித்துக் குனிந்து, பிடித்தே நிமிர்ந்தான். பயிற்சி வீண்போகாமல் கிராணியார் எல்லாரையும்விட ஆழமாகக் குனிந்தார். மாரி கஞ்சியை அள்ளிக் குடித்ததைப் பார்த்து அதிகாரி தலையாட்டினான். அஞ்சலை முறை வந்தது. ஐந்து நாளாக அவள் பத்துக்கு எட்டு தடவை தன் வாய்க்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

அதிகாரி செய்த ஒரே தப்பு, நன்றாகப் பார்க்க வேண்டுமென்று அவள் எதிரில் குந்தியதுதான். பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கிறவர்கள் தாங்களும் வாயைக் கொஞ்சம் திறப்பார்கள், அவனும் திறந்தான். எதிரில் குந்திய ஆம்பளை, திறந்த வாய். அஞ்சலைக்கு அதுதானே பாடம்? வலது கை எழுந்தது. கரண்டி அவள் மோவாயைத் தாண்டியது. நான் "அஞ்சல" என்று கத்துவதற்குள், ஒரு சொட்டுச் சிந்தாமல் கஞ்சி அதிகாரியின் வாய்க்குள் போனது.

சிப்பாய் ஒருவன் முன்னால் வந்தான். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினான். விழுங்கினான். கரண்டியை வாங்கிக் கித்தாக் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் விரலில் திரும்ப வைத்துவிட்டு, கிராணியாரிடம் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனான். கிராணியார் மாரியின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "என்னண்ணே சொன்னான்?" என்று நான் உலுக்கினேன்.

"ரெண்டு புள்ளையும் இருக்கட்டுமாம்... கஞ்சியில உப்பு இல்லையாம்லா."

தோட்டம் உப்பைக் கண்ணால் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பச்சையம்மா

சேதி காட்டுக்கு எட்டி, பச்சையம்மா மண்வெட்டியோடு ஓடி வந்தாள். காலில் விழப்போகிறாள், எழுந்திரும்மா என்று பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும் என்று நான் தயாராக நின்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் முன்னால் உட்கார்ந்தாள். "எவனோ ஒருத்தனுக்கு ஊட்டியிருக்கா, பெத்தவளுக்கு ஒரு வாய் ஊட்டலையே டிரஸரையா" என்றாள். மூன்று மாதம் பயந்து செத்தவள், கடைசியில் இதற்குத்தான் அழுதாள்.

மிச்சமிருந்த கஞ்சியை மங்கில் ஊற்றி, "வாயத் தொறம்மா" என்றேன். கரண்டி எழுந்தது. பச்சையம்மா தேம்பிக்கொண்டிருந்ததால் முதல் கரண்டி அவள் தோளில் விழுந்தது, இரண்டாவது கழுத்தில். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. அஞ்சலைக்கு மட்டும் கோபம். நான் அவளிடம் பேசும் அதே அதட்டலில் தாயை அதட்டினாள்.

"அழுவாதம்மா, வாயி ஆடுது!"

கையைத் தூக்க வைப்பது வரைக்கும்தான் என் உத்தியோகம். கரண்டி யார் வாய்க்குப் போக வேண்டும் என்பதை முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என்னைக் கேட்டு முடிவு செய்ததில்லை.