மகனின் உடலுடன் வந்தவர்

என் மகனின் உடலைச் சேந்தமங்கலத்துக்குக் கொண்டுவந்தவர் அவனுடைய விமானப்படைப் பிரிவின் சார்ஜென்ட். அத்தனை நெடிய பயணத்திலும் அவர் சீருடையின் மடிப்பு கலையவில்லை. அடக்கம் முடிந்து நாற்காலியில் அமர்ந்தவர், இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டார். தேநீருக்காக ஒரு கையை எடுத்தார். குடித்ததும் அது பழைய இடத்துக்கே போயிற்று. அவ்வளவு உயரமான மனிதர் தண்டனை பெற்ற பள்ளிச் சிறுவனைப் போல் உட்கார்ந்திருந்தது எனக்கு விளங்கவில்லை.

மாடியிலிருந்து தவறி விழுந்தான் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மனைவி உள்ளே போனபின் கேட்டேன்: "உண்மையைச் சொல்லுங்க. பையன் குடிச்சிருந்தானா?"

"பத்தொன்பது வயசுப் பசங்களுக்கு மெஸ்ஸுல ரம் ஊத்த மாட்டோமுங்க ஐயா. கோலாவைக் குடுத்து, 'உனக்கு இன்னும் பெட்ரோல் போடலை, ஓடுதளத்துலயே நில்லு'ன்னு கேலி பண்ணுவோம். அவன் அதைக் குடிச்சுட்டு, ரெண்டு கையையும் றெக்கையா விரிச்சு, காத்துல சிக்குன விமானமாட்டத் தள்ளாடி எறங்கிக் காட்டுவானுங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோவுமுங்க."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு எவனோ மறைவா ரம் ஊத்திக் குடுத்திருக்கான். எங்களுக்குத் தெரியாதுங்க. மொட்டை மாடிக் கைப்பிடிச் செவுத்து மேல ஏறித் தள்ளாடினான். நடிக்கறான்னு நெனச்சு எல்லாரும் கை தட்டினோமுங்க."

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால், புறப்படும்போது வாய் திறக்காமல் கும்பிட்டார். உள்ளங்கைகள் அருகருகே வந்து, ஒன்றையொன்று தொடாமலேயே நின்றன. பதிலுக்குக் கைகூப்ப எனக்கும் சற்று நேரமாயிற்று.