சித்தப்பா வண்டிக்குப் பட்டை மாற்றிய கதை

ஆவடியில் ஏலத்துக்கு வந்த பட்டாளத்து பிக்கப் ஒன்றை எங்கள் சித்தப்பா வாங்கினார். அவரைவிட வயதில் மூத்த வண்டி. அம்பத்தூர் கம்பெனி வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் அதன் அடியில்தான் கிடப்பார். வளைவில் திரும்பினால் அது ஒரு பக்கமாகச் சாயும். சாயாமல் திரும்ப வைப்பதே அவருக்குப் பைத்தியமாகிவிட்டது. ஸ்பிரிங் பட்டையைக் கனமாகப் போடலாமா, மெல்லிசாக இரண்டு கூட்டலாமா, எந்த வண்டியின் ஷாக் அப்சார்பர் பொருந்தும் என்று மாதக்கணக்கில் விசாரித்தார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ காபி ஆறுறதுக்குள்ள தலையாட்டிட்டாரு. இந்த இரும்புக்கு இன்னா யோசனை பாரு!" என்று சித்தி சொல்லிச் சிரிப்பாள்.

கடைசியில் நெமிலிச்சேரிப் பக்கம் ஒரு மெக்கானிக் நடுத்தரமான பட்டையைக் கட்டிக் கொடுத்தார். வழக்கமாகப் போகிற ஆட்களையே உட்கார வைத்து, அந்த எடைக்கு வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வது அவர் முறை. ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கிளம்பும்போது சித்தியும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். "வெயில்ல நீ எதுக்கு?" என்று அவர் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது? அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. எட்டு வயதில் நான்தான் அந்த வீட்டு இளவரசி. முன்சீட்டின் நடு இடம் எனக்கே எனக்கு.

வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், "யாரும் எறங்காதீங்க" என்று சொல்லியபடி முதுகைத் தேய்த்துக்கொண்டே எங்கள் வண்டிக்கு அடியில் நகர்ந்து வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, கோடு ரெண்டு விரக்கடை எறங்கிக்கீது? போன வாரம் அண்ணியும் உன் பொண்ணும் குந்தினப்போ கரெக்டா நின்னுச்சே! ஒரே வாரத்துல அண்ணி குண்டாயிட்டாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ சித்தப்பா! என் எடத்துல யாரை உக்கார வெச்ச?" என்று கத்தினேன். சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சித்தி பேயறைந்தவள்போல அவரையே பார்த்தாள். மெக்கானிக் தலையை வெளியே நீட்டி, சித்தியைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அது... அது வேற வண்டிம்மா. இதே கலரு" என்று உளறினார். அந்தக் கலரில் அந்த வட்டாரத்திலேயே ஒரு பிக்கப்தான் இருந்தது.

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நடந்த வேகத்தில் அவள் தலைப்பூ உதிர்ந்துகொண்டே வந்தது. எனக்காகத்தான் இவ்வளவு கோபம் என்று எனக்கு ஏகப் பெருமை. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. "உடு சித்தி. ஒரே ஒரு தடவைதானே அந்தப் பொண்ணு உக்காந்துச்சு? நானே மன்னிச்சுட்டேன், நீயும் மன்னிச்சுடு" என்றேன்.

சித்தி அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒரு சீட்டுக்குப் போய்ப் பெரியவர்கள் இப்படி அழுவார்களா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.