நூறு வரை சொன்ன பிள்ளைகள்

பெரிய பள்ளிக்கூடத்தில் யாரும் அவளை டீச்சர் என்று ஒத்துக்கொண்டதில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறவளுக்கு எதற்கு அந்தப் பட்டம் என்பது அவர்கள் எண்ணம். தெருவில்தான் அவள் சின்ன டீச்சர். சின்னப் பிள்ளைகளின் டீச்சர் என்பது சுருங்கி அப்படி ஆனது. ஆள் ஒன்றும் சின்ன உருவம் இல்லை. குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தே முழங்கால் இரண்டும் போய்விட்டன.

நகர மன்றத்தின் பழைய தண்ணீர் வரி அலுவலகம்தான் பாலர் வகுப்பு. ஒரே அறை. வரி கட்டும் ஜன்னல் இன்னும் சுவரில் இருந்தது. பிள்ளைகள் அதில் கடை வைத்து விளையாடினார்கள். மணல் தொட்டி, மரக்கட்டைகள், தண்ணீர் ஊற்றி விளையாடப் பெரிதும் சிறிதுமாகக் குவளைகள். எழுத்து அட்டை ஒன்று போன வருஷத்துக் காலண்டர் மாதிரி ஒரு மூலையில் தொங்கியது. மூன்று வயதில் எழுத்துக்கு முந்தி வரவேண்டியவை நிறைய இருக்கின்றன என்று நினைப்பவள் அவள். தன் முறை வரும்வரை பொறுத்திருப்பது, இருப்பதைப் பங்கு போடுவது, சரிந்த கட்டைக் கோபுரத்தைத் திட்டிவிட்டு மறுபடி கட்டுவது. பெற்றோர்களிடம் சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். கடைசியில், “அதெல்லாம் சரி டீச்சர், எப்ப எழுதுவான்?” என்பார்கள்.

அறை கொள்ளவில்லை. வருஷா வருஷம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, இடமில்லை என்று கேட்டுத் திரும்பிப் போகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அதுதான் அவளைத் தேர்தல் பக்கம் தள்ளியது.

“அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு ஓட்டு கிடையாது. அதான் எல்லாக் காசும் ரோட்டுக்கே போகுது,” என்று ஒரு மத்தியானம் சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். அவன் பஸ் டிரைவர்.

“ரோட்டுக்கும் போகலையே,” என்றான் அவன். “தினம் ஓட்டறவன் சொல்றேன்.”

நகர மன்றத் தேர்தல் வந்தது. அவள் யாருக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய் ஒன்றே ஒன்று சொன்னாள்: ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், சின்னப் பிள்ளைகளுக்கு எல்லா வார்டிலும் வகுப்பு திறப்பீர்களா என்று கேளுங்கள், பதில் சொல்லாதவருக்குப் போடாதீர்கள். கூடவே நடந்தவள் இஸ்திரிக்காரி. முனைத் தெருவில் ஒரு தகரக் கொட்டகையில் கடை. தேய்த்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகியதால் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மனுஷர் கடிப்பார் என்பது அவளுக்குத் தெரியும்.

“கதவைத் திறக்க வைக்கிறது என் வேலை. பேசறது உங்க வேலை,” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் பேச்சையும் அவளே பிடுங்கிக்கொள்வாள்.

ஒரு வீட்டில் வயதானவர் ஒருவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? நாங்க வளரலையா?” என்றார்.

“வளர்ந்தீங்க ஐயா, நல்லாவே வளர்ந்தீங்க,” என்றாள் இஸ்திரிக்காரி. “உங்களைப் பகல்ல யாரு பாத்துக்கிட்டாங்க?”

“எங்க அக்கா.”

“அக்கா எதுவரைக்கும் படிச்சாங்க?”

அவர் வாசல் கம்பியை விட்டார். அந்தக் கேள்வியை அச்சடித்த துண்டுத்தாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இஸ்திரிக்காரிக்கு ஒரே பெண் குழந்தை. பாலர் வகுப்பில் அதற்குப் பம்பரம் என்று பெயர். நின்ற இடத்தில் சுற்றும்; தலை சுற்றி விழும்; எழுந்து மறுபடி சுற்றும். நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. சாப்பாட்டு வேளையில் தட்டு வைப்பது அதன் வேலை. அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்களோ அத்தனை தட்டு. ஒன்று கூடாது, குறையாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எண்ணத் தெரிந்த பிள்ளை என்று சின்ன டீச்சர் தனக்குள் நினைத்துக்கொள்வாள்.

கேள்விக்கு முதலில் சரி என்று சொன்னவர் கவுன்சிலரானார். இந்தத் தெருக்களின் ஓட்டில்தான் கரையேறினேன் என்று அவரே சொன்னார். சொன்னபடி மன்றத்தில் பேச்சையும் எடுத்தார். மற்றவர்கள் சிரித்தார்களாம். பிள்ளைகள் விளையாடுவதற்குப் பொதுப்பணமா என்று கேட்டார்களாம். கடைசியில், கல்விக்குழு நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும் என்று ஆனது. கவுன்சிலர் ஓடி வந்தார்.

“டீச்சரம்மா, குழுத் தலைவியம்மா பேங்க்ல மேனேஜரா இருந்தவங்க. கண்ணுல படற மாதிரி ஏதாவது காட்டணும். மணல்ல உக்காந்திருக்கிற பிள்ளையைக் காட்டி ஓட்டு வாங்க முடியாது.”

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே ஒரு காலைதானே. எல்லா வார்டிலும் வகுப்பு வந்துவிட்டால், அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்?

மணல் தொட்டி கொல்லைக்குப் போனது. மேலே தார்ப்பாய். குவளைகள் பரணுக்கு ஏறின. சமையல் செய்கிற அம்மா அவற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “விருந்தாளி வந்தா பழைய பாயைக் கட்டிலுக்கு அடியில தள்ற மாதிரி இருக்கு டீச்சர்,” என்றாள். சின்ன டீச்சர் சிரித்து வைத்தாள்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். எழுத்துகளை ராகம் போட்டுச் சொன்னார்கள். ஒன்றிலிருந்து நூறு வரை தாளம் தட்டிச் சொன்னார்கள். பாட்டென்றால் பிள்ளைகளுக்கு எதுவும் வரும். வாரக்கணக்கில் சொன்னால் ரயில் கால அட்டவணையும் வரும். நடுவில் நிறுத்தினால் தொடரத் தெரியாது. முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

பம்பரம் உட்காரவில்லை. வரிசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. தாளத்துக்கு எல்லோரும் கைதட்டினால் காதைப் பொத்திக்கொண்டு கத்தியது.

குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சின்ன டீச்சர் இஸ்திரிக் கடைக்குப் போனாள்.

“நாளைக்குப் பாப்பாவை வீட்டுலயே வச்சுக்கம்மா. வகுப்புல சளிக்காய்ச்சல் பரவுது.”

இஸ்திரிக்காரி நிமிர்ந்து ஒரு முறை பார்த்தாள்.

“சரிங்க டீச்சர்,” என்றாள். தேய்த்து முடித்த காலரையே மறுபடி தேய்த்தாள்.

குழு வந்தது. பிள்ளைகள் எழுத்து சொன்னார்கள், நூறு சொன்னார்கள். குழுத் தலைவிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவள் நல்ல மாதிரி. குனிந்து, முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தையிடம் மூன்று பென்சில்களைக் காட்டினாள்.

“எத்தனை கண்ணு?”

குழந்தை பென்சிலைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று தொடங்கி நூறு வரைக்கும் நிற்காமல் சொல்லி முடித்தது.

“அடேயப்பா, நான் மூணுதான் கேட்டேன், முழுசையும் குடுத்துட்டா,” என்று தலைவி சிரித்தாள். குழுவே சிரித்தது. “என் பேத்திக்குக்கூட இது வராது. இவ்வளவு வேலை நடக்குதுன்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே டீச்சர்.”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்ன டீச்சரும் சேர்ந்து சிரித்தாள். பெரிய பள்ளிக்கூடத்துக்காரர்கள் ஒரு நாளும் கூப்பிடாத டீச்சர் என்ற பெயரை அந்த அம்மாள் அத்தனை மரியாதையோடு கூப்பிட்டது உள்ளே இனித்தது. பிற்பாடு நினைக்கும்போது பொய் சொன்னதைவிட அந்த இனிப்புதான் அவளைக் கூசவைத்தது.

தீர்மானம் நிறைவேறியது. கவுன்சிலர் போனில் கத்தினார். “ஜெயிச்சுட்டோம் டீச்சரம்மா. எல்லா வார்டுலயும். முழு நாள் வகுப்பு.” பிறகு, சின்ன விஷயம் போல, “ஒரு நிபந்தனை மட்டும் சேத்திருக்காங்க. முதல் பருவம் முடியறதுக்குள்ள பிள்ளைங்க எழுத்து சொல்லணும், நூறு வரைக்கும் எண்ணணும். அது வராத பிள்ளையோட இடத்தைக் காத்திருக்கிற பிள்ளைக்குக் குடுத்துடணும். நியாயம்தானே?”

“அது சரியா வராதுங்க. மூணு வயசுப் பிள்ளைங்க.”

“என்ன இப்படிச் சொல்றீங்க? நீங்கதானே காட்டினீங்க.”

அவள் போனை வைத்தாள்.

அடுத்த நாள் முதல் அவள் முனைத் தெரு வழியாகப் போவதை விட்டாள். பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போனாள். பம்பரத்தைக் கொண்டுவந்து விடும் நேரத்தில் உள்ளே ஏதாவது வேலை வைத்துக்கொண்டாள். கணவனின் சீருடையை வீட்டிலேயே தேய்த்தாள். அவன் கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

“இஸ்திரிக் கடையை மூடிட்டாங்களா? இதுல ரெண்டு மடிப்பு ஓடுது. ரயிலே விடலாம் போலிருக்கு.”

வழக்கமாக அவள் பதிலுக்கு ஏதாவது சொல்வாள். அன்று கால்சட்டையை வாங்கி மறுபடி தண்ணீர் தெளித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சும்மா சொன்னேன், குடு,” என்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனான்.

தீர்மானம் இறுதி ஒப்புதலுக்கு இன்னொரு முறை மன்றத்துக்கு வரும். அன்று ஊர்க்காரர்களும் பேசலாம். அந்த நாள் நெருங்கியபோது அவள் இஸ்திரிக் கடைக்குப் போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்துக்கொண்டு போனவளுக்குக் கடை வாசலில் அது அறுந்துபோயிற்று. நிபந்தனையைப் பற்றி மட்டும் எப்படியோ சொன்னாள்.

“எங்க பாப்பா வெளியில, அப்படித்தானே?” என்றாள் இஸ்திரிக்காரி. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அன்னிக்குச் சளிக்காய்ச்சல்னீங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகிட்டே இருந்துச்சு, அது வகுப்புக்குப் போச்சு. அப்பவே புரிஞ்சுபோச்சு.”

“கேட்டிருக்கலாமேம்மா.”

“கேட்டா உங்க மூஞ்சி எங்க போகும்? ஊரெல்லாம் சேந்து நடந்தோமே, அதுக்காகக் கேக்கல.”

சின்ன டீச்சர் கொட்டகைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பம்பரம் உள்ளேயிருந்து வந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது, வகுப்பில் இழுப்பது போலவே. அதற்கு எந்த வருத்தமும் இல்லை.

“மன்றத்துல சொல்லிடறேன்,” என்றாள்.

“சொல்லுங்க. நானும் வர்றேன். ஆனா கதவைத் திறக்கறதும் நீங்கதான், பேசறதும் நீங்கதான்.”

மன்றத்தில் அவள் முறை வந்தபோது, முன்னால் பேசியவர் ஏற்றிவிட்ட மைக் அவள் முகத்துக்கு மேலே இருந்தது. இறக்கத் தெரியாமல் அண்ணாந்து பேசினாள். பிள்ளைகள் சொன்னது வெறும் பாட்டு என்றாள். மூன்று பென்சிலை எண்ணத் தெரியாமல்தான் அந்தக் குழந்தை நூறு வரை சொன்னது என்றாள். மணல் தொட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியதையும், ஒரு குழந்தையை வரவேண்டாம் என்று சொன்னதையும் சொன்னாள். “அந்த வயசுல விளையாட்டுத்தான் படிப்புங்க. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. நிபந்தனையை மட்டும் எடுத்துடுங்க.”

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப எங்களை ஏமாத்தினீங்களா?”

“ஆமாங்க.”

“கண்ணால பாத்ததை நம்பித்தானே நான் கையைத் தூக்கினேன்.” அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுவே தாங்கவில்லை. “இப்ப எதை நம்பறது? நிபந்தனை சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. வகுப்பு வேணுமா வேண்டாமான்னே தெரியல. மொத்தத்தையும் தள்ளி வச்சுடலாம்.”

கைகள் உயர்ந்தன. கவுன்சிலர் மட்டும் உயர்த்தவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது வகுப்புகள் எதுவும் இந்த வருஷம் இல்லை. நிபந்தனையும் இல்லை. பழைய அறை பழையபடி நடக்கும். பம்பரத்தின் இடம் அப்படியே இருக்கும். அதை நினைத்து நிம்மதிப்படக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது கவுன்சிலர் அவளைத் தாண்டிப் போனார். “ஒரு வார்த்தை முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டுவிட்டுப் போனார்.

கீழே ஒரு பெண் நின்றிருந்தாள். வேறு வார்டுக்காரி. இடுப்பில் குழந்தை தூங்கி வழிந்தது. வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். மேல்சட்டையில் தொழிற்சாலை அட்டை குத்தியிருந்தது.

“அப்ப எங்க பக்கம் இந்த வருஷம் திறக்க மாட்டாங்களா டீச்சர்?”

“இல்லம்மா.”

“திறப்பாங்கன்னு சொன்னாங்களே.”

“என்னாலதாம்மா நின்னுபோச்சு.”

அந்தப் பெண் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். திட்டுவாள் என்று சின்ன டீச்சர் காத்திருந்தாள். திட்டினால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

“நீங்க பேசாமலே இருந்திருக்கலாம்,” என்றாள் அந்தப் பெண். “எம்பொண்ணு நூறு சொல்லியிருப்பா.”

“சொல்லியிருப்பா,” என்றாள் இஸ்திரிக்காரி. “என் பொண்ணு சொல்லியிருக்க மாட்டா.”

உள்ளே அடுத்த விஷயத்துக்கு மணி அடித்தது. சாக்கடை பற்றி யாரோ பேச ஆரம்பித்தார்கள்.

“மறுபடி எப்ப எடுப்பாங்களாம் இதை?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

சின்ன டீச்சருக்குத் தெரியவில்லை. தள்ளி வைக்கிறோம் என்றார்களே தவிர, எந்தக் கூட்டத்துக்கு என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

“இருங்க, கேட்டுட்டு வந்துடறேன்,” என்றாள்.

அத்தனை பேரும் அவளைப் பார்த்த அந்தக் கூடத்துக்கு மறுபடியும் போக வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் படியேறினாள்.