பூனைக்கறி என்றார்கள்

மலாயா சுதந்திரம் அடைந்த புதிது. மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் என் வீட்டுக்குப் பின்னால் முயல் வளர்த்து, லைசென்ஸ் இல்லாமலே கறி விற்றுவந்தேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவின் பூனையைக் காணவில்லை. என் வீட்டில் தோலுரித்துத் தொங்கிய முயலைப் பார்த்ததும், "அடிப்பாவி, என் பூனையையா அறுத்துட்ட?" என்று அலறினார். கூட்டம் கூடிவிட்டது. யாரோ சுகாதார அதிகாரியையும் அழைத்துவந்துவிட்டார்கள்.

நல்லவேளையாக முயலின் தலையை இன்னும் எறியவில்லை. ஓடிப்போய் எடுத்துவந்து காட்டினேன். தமிழரான அந்த அதிகாரி நீளக் காதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"முயல்தாம்மா. ஆனா லைசென்ஸ் எடுத்துட்டு வித்தீங்கன்னா யாருக்கும் பயப்பட வேணாம்."

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அடுத்த வாரமே லைசென்ஸ் எடுத்தேன். அதிலிருந்து, வாங்குபவர் முயலை உயிரோடு பார்த்த பிறகுதான் அறுப்பேன்.