பூட்டப்பிள்ளைக்கு ஆகாத தண்ணீர்

பண்டத்தரிப்பில் ஒருவர் இறந்தால் முதலில் ஐயருக்குச் செய்தி போகும், அடுத்துக் கனடாவுக்கு, அதற்கும் அடுத்து உதயகலா ரீச்சருக்கு. ஐயர் கிரியையைப் பார்ப்பார். கனடா செலவைப் பார்க்கும். ரீச்சர் கல்வெட்டு எழுதுவார்.

கல்வெட்டு என்றால் கல்லில் அல்ல, மினுமினுப்பான தாளில். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சாப்பாடு போடும்போது, வந்தவர்கள் கையில் கொடுக்கப்படும் நினைவுப் புத்தகம் அது. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்சாவளி எல்லாம் அதில் இருக்கும். முப்பத்தொரு வருடம் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர், கடந்த ஒன்பது வருடமாக ஊரின் இறந்தோரைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். இறந்தவர்கள் எல்லோரும் வகுப்பில் முதலாம் பிள்ளைகள். எல்லோரும் விருந்தோம்பலில் சிறந்தவர்கள். ஒருவர்கூடத் தன் வாழ்நாளில் வேலியை அடுத்த வளவுக்குள் ஓரடி தள்ளிப் போட்டவர் அல்லர்.

இந்தப் பொய்களுக்கெல்லாம் ரீச்சர் தமக்குத் தாமே ஒரு பரிகாரம் வைத்திருந்தார். அச்சகத்தில் பக்கங்கள் நாலு நாலாகத்தான் வரும். எப்படியும் கடைசியில் இரண்டு பக்கம் வெறுமையாக மிஞ்சும். அதில் அறிவியல் போடுவார். டெங்கு நுளம்பு எங்கே முட்டையிடும், பாம்பு கடித்தால் ஏன் கத்தியால் கீறக்கூடாது, கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தால் என்ன நடக்கும் (வெயில் படும்). முந்நூறு பிரதியும் ஒரே நாளில் தீர்ந்துவிடும் அறிவியல் சஞ்சிகை தம்முடையதுதான் என்பது அவருடைய பெருமை. சந்தா கிடையாது. யாராவது ஒருவர் சாக வேண்டும், அவ்வளவுதான்.

அதை யாரும் வாசிப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். பாம்புக்கடிப் பக்கத்தில் வடையை வைத்து எண்ணெய் ஒற்றி எடுத்தவர்களை அவர் கண்ணாலேயே கண்டிருக்கிறார்.

சென்ற ஐப்பசியில் ஆழ்வாப்பிள்ளை, எண்பத்தெட்டு வயதில், தன் வெங்காயத் தோட்டத்தை ஒட்டிய தன் வீட்டிலேயே காலமானார். விபரம் எடுக்கப் போன ரீச்சரிடம் மூத்த மகன் பஞ்சலிங்கம், அப்பு தன் கையால் சுண்ணாம்புக் கல்லை உடைத்து வெட்டிய கிணற்றைப் பற்றி ஒரு மணித்தியாலம் சொன்னார். அந்தத் தண்ணீர் தேன் என்றார். ரீச்சர் ‘தேன்’ என்று எழுதிக்கொண்டார். பிறகு, பழக்கதோஷத்தில், ஒரு போத்தலில் தேனை நிரப்பிக்கொண்டும் வந்தார்.

யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து நாலாம் நாள் முடிவு வந்தது. ஒரு லீற்றரில் நைத்திரேற்று தொண்ணூற்றாறு மில்லிகிராம். ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது. இதில் மர்மம் எதுவும் இல்லை. வெங்காயத்துக்குக் கொட்டிய யூரியாவில் வெங்காயம் குடித்தது போக மிச்சம் மழையோடு சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, ஆழ்வாப்பிள்ளை வெட்டிய வழியால் மறுபடி வீட்டுக் குசினிக்கே வந்து சேர்ந்திருந்தது. வளர்ந்தவர்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிப்பார்கள். கைக்குழந்தைக்கு அப்படியில்லை. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வேலையை விட்டுவிடலாம். பிள்ளை நீலம் பாரித்துப் போகும்.

பஞ்சலிங்கத்தின் மருமகள் மதுராவுக்கு அப்போது ஏழு மாதம். பிரதேச செயலகத்தில் வேலை. லீவு முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, கனடாச் சித்தப்பா கோபிசங்கர் அனுப்பிய ஆறு பால்மாப் பேணிகள் அலுமாரிக் கண்ணாடிக்குள் வரிசையாக நின்றன.

ரீச்சர் இம்முறை கடைசிப் பக்கங்களில் கிணற்றை எழுதினார். பஞ்சலிங்கம் அதை வாசித்தார். ஒன்பது வருடத்தில் அந்தப் பக்கத்தை வாசித்த முதல் மனிதர் அவர்தான். அதற்காகச் சந்தோஷப்பட ரீச்சருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

“ரீச்சர், அப்பு உந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் எண்பத்தெட்டு வயசு மட்டும் இருந்தவர்,” என்றார். “அவரின்ரை கல்வெட்டிலையே அவரின்ரை கிணத்தைப் பழிச்சு எழுதினா சனம் என்ன கதைக்கும்? உந்தப் பக்கத்தை எடுத்துப்போட்டு ஒரு தேவாரத்தைப் போடுங்கோ.”

அப்பு குடித்தபோது அதில் இவ்வளவு யூரியா இல்லை என்று ரீச்சர் சொல்லிப் பார்த்தார். பஞ்சலிங்கம் கோபிக்கவில்லை. தேவாரம் எது என்பதை ரீச்சரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்.

படலைவரை வழியனுப்ப வந்தது மதுரா. அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “ரீச்சர், கொதிக்க வைச்சுக் குடுத்தாச் சரிவருமோ?”

“இல்லைப் பிள்ளை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் வத்தும். நைத்திரேற்று அப்பிடியே கிடக்கும். இன்னும் கூடும்.”

“நான் மாமாவுக்குச் சொல்லேலாது. வந்து ரெண்டு வருசத்திலை கிணத்தைக் குறை சொல்லுறாள் எண்டு வரும்.”

ரீச்சர் வீட்டுக்கு வந்து அச்சுப்படியை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தார். கல்வெட்டில் சனம் எதைத்தான் வாசிக்கிறது? வம்சாவளியை. தேவாரத்தைத் தாண்டி, வரலாற்றைத் தாண்டி, நேரே அங்கேதான் விரல் போகும். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் பட்டத்தையும் மட்டும் பார்ப்பார்கள். வெளியார் முழுவதையும் பார்ப்பார்கள். யாருடைய பெயர் விடுபட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வம்சாவளியின் கடைசியில், மதுராவின் பெயருக்குக் கீழே, ரீச்சர் ஒரு வரி சேர்த்தார். திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. திருத்திய படியைக் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவுக்கே அனுப்பினார். கோபிசங்கர் ஏழு திருத்தம் அனுப்பினார். ஏழும் தன் பிள்ளைகளின் பட்டங்கள் பற்றியவை. பஞ்சலிங்கம் தன் பெயருக்கு முன்னால் ‘கமக்காரர் சங்க முன்னாள் பொருளாளர்’ என்று போடச் சொன்னார். இன்னும் பிறக்காதவருக்குக் கைத்தொலைபேசி இல்லை. மதுரா மட்டும் கொஞ்ச நேரம் கழித்து எழுதினாள்: “பிழை ஒண்டும் இல்லை ரீச்சர்.”

முப்பத்தோராம் நாள் பந்தியில் மூன்றாவது வரிசையில் இருந்த பத்மாவதி, பஞ்சலிங்கத்தின் பெரியம்மா மகள், பருத்தித்துறையிலிருந்து வந்தவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்தவர்களுக்காக உரத்து வாசித்தார்.

“பூட்டப்பிள்ளை: தை மாதம் பிறக்கவிருப்பவர். இவ்வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கலாகாதவர். நைத்திரேற்று தொண்ணூற்றாறு, எல்லை ஐம்பது.”

பந்தியில் இருந்தவர்கள் தங்கள் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார்கள். பாயசம் வரும்வரை காத்திருக்கலாம் என்று பலருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

“தம்பி,” என்று பத்மாவதி கூப்பிட்டார், “அப்ப பிள்ளைக்கு என்ன தண்ணி குடுக்கப்போறாய்?”

பஞ்சலிங்கம் சாம்பார் வாளியோடு நின்றார். அச்சில் வந்துவிட்டது, அதுவும் அப்புவின் படத்தோடு, முந்நூறு பிரதி. கனடாவுக்கு இந்நேரம் படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். ரீச்சர் இருந்த திசையை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்த ஆய்வுகூடத்திலும் எல்லை வகுத்திருக்க மாட்டார்கள்.

“அதெல்லாம் நாங்கள் எப்பவோ யோசிச்சது அக்கா,” என்றார். “பிள்ளைக்குப் புறம்பா வடிகட்டின தண்ணிதான். நான்தானே எழுதச் சொன்னனான்.”

முந்நூறு பேர் முன்னால் சொன்ன பொய்யைத் திரும்பப் பெற வழியில்லை. அதை உண்மையாக்குவதுதான் மலிவு. மார்கழி பிறந்ததும் பஞ்சலிங்கம் மோட்டார்ச் சைக்கிளின் இரு பக்கமும் நீலத் தண்ணீர்க் கான்களைக் கட்டிக்கொண்டு சந்தித் தண்ணீர்க் கடைக்குப் போய் வரத் தொடங்கினார், கிட்டிய வழியை விட்டு, கோயிலடியால் சுற்றி, எல்லோரும் காணும்படி.

அறிவியல் ஊருக்குள் வேறு வழியாகவும் பரவியது. பின்வளவுச் சிவரூபன் ஒருநாள் தன் கிணற்றுத் தண்ணீர்ப் போத்தலோடு ரீச்சரிடம் வந்தார். அவருடைய தாய் நல்ல சுகமாகத்தான் இருந்தார்; ஆனாலும் கல்வெட்டில் போடவேண்டிய இலக்கத்தை முதலே எடுத்து வைத்தால் நல்லது என்பது அவர் எண்ணம். முடிவு எழுபத்தொன்று என்று வந்தபோது, பஞ்சலிங்கம் வீட்டை விட இருபத்தைந்து குறைவு என்று பூரித்துப் போனார். அதுவும் எல்லைக்கு மேல்தான் என்று ரீச்சர் சொல்ல வாயெடுத்தபோது அவர் படலையைத் தாண்டியிருந்தார். யூரியாவைக் குறைக்கப்போவதாக இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

தை பன்னிரண்டில் பெண் குழந்தை பிறந்தது. மாசியில் ரீச்சர் பார்க்கப் போனார். மதுரா பிள்ளையை அவர் மடியில் கிடத்தினாள். உதயகலா பிள்ளையின் உதட்டையும் நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் நல்ல சிவப்பு.

பஞ்சலிங்கம் தானே தேத்தண்ணி கொண்டு வந்து நீட்டினார்.

“கான் தண்ணி பிள்ளைக்கு மட்டுந்தான் ரீச்சர். உங்களுக்கு அப்புவின்ரை கிணத்துத் தண்ணிதான். குடியுங்கோ.”

ரீச்சர் பிள்ளையை மடியில் வைத்தபடியே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.